எஸ்கேப் அடித்தால் போதுமா?

எங்கள் நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. எண்பதுகளின் கடைசி அது. திருத்தணிக்குப் புதிதாக வந்த அந்தப் பெட்டியை எங்கள் மேலாளர் கோயில் மாதிரி வைத்திருந்தார். திரைக்கு மேலே சந்தனம், குங்குமம் வேறு. மெட்ராஸ் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் குடும்பத்தோடு மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு மில்லுக்கும் ஒரு நடை வருவார்கள். மேலாளர் அவர்களை நேராக அந்த அறைக்குத்தான் அழைத்து வருவார். அங்கே விவரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நான்.

வித்தை காட்ட அவருக்கு வாகாக அகப்பட்டது, பிறந்த வருஷம், வேலையில் சேர்ந்த வருஷம் எல்லாம் இருந்த என் பணிப் படிவம்தான். அதைத் திறந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் கண்டதையும் அடித்து அடுத்த கட்டத்துக்குப் போவார். "பாத்தீங்களா, மாத்திட்டேன். இப்ப எஸ்கேப். பழசே வந்துடுச்சு!" என்பார். பழசு வராது. ஒரு கட்டத்தைவிட்டு அடுத்ததற்கு நகர்ந்த உடனே புதியது உள்ளே பதிவாகிவிடும்; எஸ்கேப் பொத்தான் திரையை மூடும், அவ்வளவுதான். புரோகிராம் எழுதியவர் விட்ட ஓட்டை அது. மேலாளர் போனதும் ஒவ்வொரு தடவையும் நானே சரிசெய்து வைப்பேன். ஒரு நாள் அவரிடமே சொன்னேன். "ஆங், மெட்ராஸ்காரன் எழுதினதுல நீ குத்தம் பாத்துகினு இருக்கியா? போய் வேலையப் பாரும்மா" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு நான் விடுப்பில் இருந்தபோது, விருந்தாளிகள் முன்னால் நான் வேலையில் சேர்ந்த வருஷத்தை மாற்றி எஸ்கேப் அடித்திருக்கிறார். நான் திரும்பி வருவதற்குள் பணிமூப்புப் பட்டியல் மெட்ராஸ் போய்விட்டது. எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி, எனக்குப் பல வருஷம் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. நியமன உத்தரவைக் காட்டி வருஷத்தைத் திருத்தினேன். பதவியைத் திருத்த முடியவில்லை. அதோடாவது விட்டாரா அந்த மனிதர்? கவனக்குறைவால் நானே தவறாக அடித்துவிட்டேன் என்று, அவர் சொல்லச் சொல்ல, என்னை மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார். மறுத்தால் வேலை போய்விடும் என்றார். வயிறு எரிய எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த தை மாதம் மறுபடியும் மொட்டைத் தலைகள் வந்தன. இந்த முறை நான் என் படிவத்தைத் திறக்கவில்லை, மேலாளருடையதைத் திறந்து வைத்தேன். "இது யாருதும்மா?" என்றார். "உங்களுதுதாங்க சார்." அவருக்கு ஒரே குஷி. பிறந்த வருஷத்தில் நான்கைக் குறைத்து, "பாருங்க, கெழவனாயிட்டேன்" என்று சிரித்து எஸ்கேப் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சரிசெய்ய எனக்கு அரை நிமிஷம் போதும். நான் செய்யவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. கூசாமல் சொல்கிறேன், அந்தச் சில மாதங்கள் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஓய்வு பெறப்போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயராக அவர் பெயர் வந்தது. பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஓடினார். தவறு எப்படி நேர்ந்தது என்று எழுத்தில் வேண்டும், கம்ப்யூட்டரில் வேலை செய்பவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். செருப்பை வாசலில் விட்டு, மெதுவாக என்னிடம் வந்தார்.

"நீயே தப்பா அடிச்சதா எழுதிக் குடுத்துடும்மா. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"ஒரு தடவ எழுதினதே போதுங்க சார். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். "எஸ்கேப் அடித்தால் பழசு திரும்பாது. என் பிறந்த வருஷத்தை மாற்றியது நான். இந்தப் பெண் சேர்ந்த வருஷத்தை மாற்றியதும் நானே. இந்தப் பெண் முன்பே எச்சரித்தும் நான் கேட்கவில்லை" என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கடைசி வரியில் பேனா நின்றது. "இது வேணாமேம்மா" என்றார். "அப்ப நான் கையெழுத்து போடலீங்க" என்றேன். எழுதினார்.

அவருக்கு நான்கு வருஷம் திரும்பக் கிடைத்தது. அந்தக் கடிதத்தால் என் பெயர்மேல் இருந்த கறை போனது, பதவி மட்டும் வரவேயில்லை. இத்தனை காலம் ஆகிவிட்டதே, மன்னித்துவிடக்கூடாதா என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? தலையைக் குனிந்துகொண்டு, வியர்க்க வியர்க்க, நான் சொன்னதை அவர் எழுதிய அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இன்னும் இனிக்கிறது.