கட்டவிழ்ந்த கை

பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் கோபம்தான் வரும். மதுரையிலிருந்து வந்து கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கே கட்டில் போதாது. இதில் சாக நினைத்தவர் என்னை உதைத்தால் எப்படி இருக்கும்?

வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு மாந்தோப்புக்காரர் உதைத்தார். ஒரு மத்தியானம் அவரை அண்ணனும் மனைவியும் தூக்கி வந்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்கும்போது என் முன்கையைக் கடித்தார். ரத்தம் வந்தது. “வுடுங்க, நான் போறேன்” என்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கத்தினார். வார்டு ஆளும் நானும் அவருடைய கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினோம். கட்டாவிட்டால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது எங்கள் கணக்கு.

“உம் புருஷனுக்கு வாழ இஷ்டமில்லம்மா, நாங்க என்னத்தச் செய்ய?” என்று மனைவியிடம் வெடுக்கென்று சொன்னேன்.

அண்ணனுக்கு அவமானம் தாங்கவில்லை. பிழைத்தவனுக்கு முதல் அடி சொந்தக்காரன் கையால்தான் விழும். அந்த வார்டில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். “மானத்த வாங்கிட்டியேடா” என்று தம்பியின் முகத்தில் ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். தம்பி திமிறியதில் ஒரு கைக்கட்டு அவிழ்ந்தது. அந்தக் கை நேராகக் குழாய்க்குப் போனது.

நான் பாய்ந்தேன். வார்டு ஆள் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். இறுக மூடிய விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினேன். “சாகறதுன்னா என் டூட்டியில சாகாதய்யா” என்றேன். மோதிர விரல் படக்கென்று ஒடிந்தது. அலறினார். அப்போதும் பிடியை விடவில்லை.

மனைவி என் தோளைப் பிடித்து இழுத்தார். “நல்லா பாருங்க சிஸ்டர். அவரு புடுங்கல. வுழாம புடிச்சிக்கினு இருக்காரு.”

பார்த்தேன். அண்ணன் அறைந்ததில், குழாயை மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பிய்ந்து குழாய் பாதி வெளியே வந்திருந்தது.

பிழைத்துவிட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“சாவணும்னுதான் இருந்துச்சு சிஸ்டர். இப்பவும் இருக்குது” என்றார். “ஆனா கொழா கழண்டதும் பயந்துட்டேன், செத்துடுவனோன்னு.”

அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த விரலை ஒடித்தவள் நான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாக நினைத்தது, சாவுக்குப் பயந்தது, இரண்டையும் முழுசாகச் சொல்லச் சொன்னேன்.