அரைக் கோப்பைத் தேநீர்

முதலில் கைதான் காட்டிக்கொடுத்தது. உப்புவெளியில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். ஒரு காலையில் சின்னத் திருகாணியொன்றைத் துளைக்குள் வைக்க முடியவில்லை. வைக்க வைக்க நழுவியது. இயந்திரத்தைத் திட்டினேன், பக்கத்தில் நின்ற வள்ளக்காரரையும் திட்டினேன். இரண்டு மிடறு சாராயம் உள்ளே போனதும் நடுக்கம் நின்றது. அதை மருந்து என்றே நம்பினேன்.

கண் மஞ்சளானபோது என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் மனைவி சுகந்தி.

"எவ்வளவு குடிக்கிறனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"கொஞ்சம்தான்" என்றேன். சுகந்தி கூரையைப் பார்த்தாள். டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு எழுதினார்.

ஈரல் அழற்சி (ஈரல் புண்பட்டு, தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாத நிலை) என்றார். குடியைத் திடீரென்று நானாக நிறுத்தவும் கூடாதாம். விலகல் அறிகுறிகள் (பழகிய குடி நின்றதும் வரும் நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு) உயிருக்கே ஆபத்தாகலாம் என்று வார்ட்டில் மறித்துவைத்தார். இதை வாசிப்பவர்களில் யாராவது வீறாப்பில் வீட்டிலேயே நிறுத்தப் பார்த்தால், தயவுசெய்து முதலில் ஒரு டொக்டரிடம் போங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, "மருந்து உடம்புக்குத்தான். கதைக்கிறதுக்கும் ஒரு இடம் வேணும்" என்றார். சனிக்கிழமை பின்னேரங்களில் நகரத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில், குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடுகிறார்களாம்.

பஸ்ஸில் சுகந்தி சொன்னாள்: "அங்க போனீங்களெண்டா நான் வீட்டில இருக்கிறன். போகாட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாம்பல்தீவுக்கு அக்கா வீட்ட போயிடுவன்."

முன்பும் சொல்லியிருக்கிறாள், ஆனால் கத்தித்தான் சொல்லியிருக்கிறாள். இந்த முறை டிக்கெட்டை மடித்தபடி மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்தது.

சனிக்கிழமை சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தேன். பஸ் நிலையத்தில் குடிவெறியில் விழுந்து கிடந்தபோது ஊரே பார்த்தது, அதற்கு வெட்கமில்லை. இப்போது யாரிடமும் வழி கேட்கத்தான் வெட்கம். கதிரைகள் போட்டிருந்த ஒரு மண்டபத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்து உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் இளம் சோடிகள். அது கலியாணம் கட்டப்போகிறவர்களுக்கான வகுப்பு.

பொறுப்பாக நின்ற அம்மா வந்து, "சோடியா வரவேணும். உங்கட அவ வரேல்லையோ?" என்றார்.

"அவ இருப்பாவோ இல்லையோ எண்டது இனித்தான் தெரியும்" என்றேன்.

அவர் என் முகத்தையும் கையையும் பார்த்தார். "நீங்கள் தேடுறது பின்பக்கம் இருக்கு" என்று கதவைக் காட்டினார்.

பின்பக்க அறையில் வட்டமாகக் கதிரைகள். வாசலுக்குக் கிட்ட இருந்துகொண்டேன். ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கால் தன்பாட்டில் ஆடியது, சட்டை நனைந்தது. அவர் இருமினால் எழும்பிப் போகலாம், கதையை முடித்தால் போகலாம் என்று காத்திருந்தேன். அவர் முடிக்க, தேநீர் வந்தது. எனக்குத் தந்தது அரைக் கோப்பை.

வந்தவருக்கு அரைக் கோப்பை கொடுப்பது, போய்விட்டு வா என்று சொல்வது மாதிரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழும்புவதற்கு நல்ல சாட்டும் கிடைத்தது.

"முழுசா ஊத்தினா முடிஞ்சு போயிடுமோ?" என்று கேட்டேன்.

தேநீர் ஊற்றிய மரியதாஸ் அண்ணை துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் கோபிக்கவில்லை. "சுத்திப் பாருங்கோ தம்பி, எல்லாருக்கும் அரைவாசிதான். கை நடுங்கிறவருக்கு நிறைய ஊத்தினா சிந்தும். சிந்தினா வெக்கப்பட்டு அடுத்த கிழமை வரமாட்டார். குடிச்சிட்டுத் தாங்கோ, இன்னும் ஊத்திறன்."

எழும்பப் போனவன் திரும்பவும் இருந்தேன். வீட்டில் சுகந்தியும் எனக்கு அரைக் கோப்பைதான் தருவாள், எவ்வளவோ காலமாக. "நான் என்ன பிச்சைக்காரனோ?" என்று ஒருமுறை அதை முற்றத்தில் வீசியிருக்கிறேன். "முடிய, இன்னும் தாறன்" என்று மட்டும்தான் அவள் அப்போது சொன்னாள். என் கை நடுங்குகிறது என்று அவள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கோப்பைக்குள் பார்த்தபடி அழுதேன்.

என் முறை வந்தபோது, "எனக்குக் கதைக்க ஏலாது" என்றேன். "ஓம், இருங்கோ, அது போதும்" என்றார்கள். கடைசிவரை இருந்தேன்.

அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இடையில் ஒருமுறை வழுக்கிக் குடித்துவிட்டேன், திரும்பவும் கூட்டத்துக்குப் போனேன். உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது. பின்னேரம் இவ்வளவு நீளமானது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முன்பு அது ஒரு போத்தலுக்குள் அடங்கிவிடும். இப்போது கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடந்தாலும் தீருவதில்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்படாதீர்கள், அது உங்களிடம் திரும்பி வந்த நேரம்.

போன சனிக்கிழமை கூட்டம் முடிந்து வந்தேன். சுகந்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். விளிம்புவரை முழுக் கோப்பை. வைத்துவிட்டுக் கீரை ஆயப் போகாமல் எனக்கு முன்னால் இருந்தாள். தூக்கினேன். கொஞ்சம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் விழுந்தது.

"சிந்திப்போச்சு" என்றேன்.

"சிந்தினாச் சிந்தட்டும். நீங்கள் குடியுங்கோ" என்றாள்.

'குடியுங்கோ' என்ற சொல்லை அவள் வாயில் கேட்டு எத்தனையோ காலம். கோப்பை முடியும்வரை நான் எழும்பவில்லை.