மஞ்சள் பூ மாத்திரையும் மைதானத்து மைக்கும்

செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்கு எடைமேடைக் கிராணி வேலை, எடை பார்த்துக் கணக்கு எழுதும் குமாஸ்தா. பழக்குலை ஏற்றிய லோரிகள் வெளியே வரிசைபிடித்து நிற்கும். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு மைக்கில் லோரி நம்பரைக் கூப்பிடுவேன். லோரி மேடையேறும், எடை காட்டும், இறங்கிப் போகும். பதினோரு வருடமாக இதே வேலைதான். கோலசிலாங்கூரிலிருந்து வரும் டிரைவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மைக் பொத்தானை அழுத்தினேன். குரல் வரவில்லை.

நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மாரடைப்பு என்றே நினைத்தேன். பக்கத்து அறையில் எண்ணெய்ப் பரிசோதனை செய்யும் மலாய்க்கார அக்கா ஓடிவந்து என் முதுகைத் தடவியபடி, "சபார், டிக், சபார்" என்று, பொறு தங்கச்சி பொறு என்று, சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே லோரிகள் ஹாரன் அடித்தன. இருபது நிமிடத்தில் எல்லாம் தானாக அடங்கிவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கிளினிக்கில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு அதே மாதிரி இரண்டு முறை வந்தது. டாக்டர் பொறுமையாகக் கேள்வி கேட்டு, இது மனப்பதற்றம் என்றார். தினமும் ஒரு சின்ன மாத்திரை. "வேலை செய்ய சில வாரம் ஆகும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்," என்று மலாயில் இரண்டு முறை சொன்னார்.

சில வாரமா? எனக்கு அடுத்த நாளே சரியாக வேண்டும். பத்து நாள் போனது. மாத்திரை கொடுத்ததெல்லாம் லேசான குமட்டல்தான். அப்போதுதான் கைப்பேசியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நேரலையில் டப்பா டப்பாவாக எடுத்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். மூளைக்கு இது, மனசுக்கு இது, தூக்கத்துக்கு இது. "இயற்கை, சகோதரிகளே, இயற்கை! பக்கவிளைவே கிடையாது!" அவள் முகம் பளபளவென்று இருந்தது. கவலையே இல்லாத முகம். எனக்கு அந்த முகம் வேண்டும்போல இருந்தது.

முதல் பொட்டலம் வந்த நாளை மறக்க முடியாது. வாசலில் நின்றபடியே கத்தரிக்கோல் தேடாமல் பல்லால் கடித்துப் பிரித்தேன். அமுக்கராக் கிழங்கு கேப்சூல். அடுத்த வாரம் பச்சைத் தேயிலையிலிருந்து எடுத்த ஏதோ ஒரு சத்து. அதற்கடுத்து காப்பியில் கலக்கும் காளான் தூள். பிறகு வல்லாரை மாத்திரை. நான் வல்லாரை டப்பாவை வேலைக்குக் கொண்டுபோனபோது மலாய்க்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டுச் சாக்கடையோரம் அது காடாக முளைத்துக் கிடக்கிறதாம். மறுநாள் ஒரு பை நிறையப் பறித்து வந்து, மிளகாய்ச் சம்பல் தொட்டுப் பச்சையாகத் தின்னச் சொன்னார். தின்றேன், டப்பாவையும் விடவில்லை.

காலையில் சமையலறை மேசையில் டாக்டர் மாத்திரையோடு டப்பாக்களையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக விழுங்குவதே ஒரு குதூகலமாகிவிட்டது. இன்றைக்கு மனசு எப்படி என்று எனக்கு நானே பத்துக்கு மார்க் போட்டேன். என் வீட்டுக்காரர் செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டுகிறவர், விடியுமுன்னே கிளம்புவார். அவர் காப்பியிலும் அந்தத் தூளை ஒரு கரண்டி போட்டுவிட்டேன்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னா இது? காப்பியா, காளான் சூப்பா?"

"மூளைக்கு நல்லதுங்க. குடிங்க."

"என் மூளைக்கு இது போதும்லா. இருக்கறத வச்சி ஓட்டிக்கறேன்." கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்த காலை. காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் வந்த பிறகுதான், பாலத்தில் நான் பயப்படவில்லை என்பது உறைத்தது. பல வாரமாக அந்தப் பாலத்தில் உள்ளங்கை வியர்க்காமல் போனதில்லை. அன்று ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு கடந்திருக்கிறேன்! காரை ஓரமாக நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைக்கு மைக்கில் நம்பர் கூப்பிட்டபோது என் குரல் கணீரென்று இருந்தது. ஒரு டிரைவர் சன்னலருகே வந்து, "இன்னைக்கு என்னா அக்கா, கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மார்க் பத்துக்கு ஒன்பது.

அந்த வாரத்திலேயே செம்பனைத் தோட்டத்து விளையாட்டு மன்றத் தலைவர் ஆலைக்கு வந்தார். வருடாந்தரக் கால்பந்துப் போட்டி, எட்டு அணிகள். ரவாங், புக்கிட் பெருந்துங் பையன்கள், கோலசிலாங்கூர் முஸ்லிம் உணவகத்து ஊழியர்கள், முதல் தடவையாகச் செகிஞ்சான் சீன மீனவர்கள். வழக்கமாக வர்ணனை செய்பவர் ஜொகூருக்கு மாறிப் போய்விட்டார்.

"தங்கச்சி, ஒன் கொரல நாந்தான் தெனமும் கேக்கறேன்ல. மைக்கப் புடிச்சி ஆட்டத்த சொல்லு. பொம்பள வர்ணன நம்ம வட்டாரத்துல இதுதான் மொதல் தடவ."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நாற்காலிக்கு அடியில் ஒளிந்திருப்பேன். அன்று நான் யோசிக்கவே இல்லை.

"சரிண்ணே. செய்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். நான் கால்பந்துப் பைத்தியம். தொலைக்காட்சியில் ஆட்டம் நடந்தால் சோற்றைப் பிசைந்த கை காய்ந்துபோகும். கனவில்கூட நினைக்காத வாய்ப்பு! அந்தச் சந்தோஷத்தில்தான் ஐந்தாவது டப்பாவையும் வரவழைத்தேன். வெளிநாட்டு மஞ்சள் பூ ஒன்றின் சாற்றில் செய்த மாத்திரை. சோர்ந்த மனதைத் தூக்கிவிடும் என்று நேரலைப் பெண் சத்தியம் செய்தாள். நாலு டப்பாவுக்கே இப்படி என்றால் ஐந்தாவது என்னை எங்கே கொண்டுபோய் வைக்கும்!

கொண்டுபோய்த்தான் வைத்தது. இரண்டாம் வாரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. ஏர்கான் அறையிலும் வியர்த்துக் கொட்டியது. வயிறு கலங்கியது. உட்கார்ந்தால் தொடை தானாகத் துடித்தது. ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. நேரலைப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். "உடம்பில் உள்ள விஷம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது, கூடவே ஒரு ரோஜாப்பூ. நானும் நம்பினேன். வேகமாகப் பேசினேன், வேகமாக நடந்தேன், அலமாரியைக் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "நீ சந்தோஷமா இருக்கியா, இல்ல பயந்துபோயி இருக்கியா? எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது டாக்டர் மாத்திரை தீர்ந்து கிளினிக்குக்குப் போனேன். மருந்து கொடுக்கும் சன்னலில் ஒரு தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். என் கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இந்த மாத்திரையோட வேற ஏதாவது சாப்புடுறீங்களா?"

"இல்லையே."

"வைட்டமின், மூலிகை, ஆன்லைன்ல வாங்குனது? சும்மா சொல்லுங்கக்கா, திட்ட மாட்டேன்."

திட்ட மாட்டேன் என்று சொன்னதும் என் கண் நிறைந்துவிட்டது. கைப்பையைத் திறந்து ஐந்து டப்பாவையும் சன்னல் மேடையில் எடுத்து வைத்தேன். பின்னால் வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "கடையே வச்சிருக்கும்மா," என்றார்.

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஐந்தாவதில் நிறுத்தினாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த மஞ்சப் பூ என்னிக்கிலேருந்து சாப்புடுறீங்க? ... அக்கா, டாக்டர் குடுத்த மாத்திரையும் இதுவும் மூளையில ஏறக்குறைய ஒரே வேலையத்தான் செய்யுது. ரெண்டும் சேந்தா ஓவரா போயிரும். அதான் இந்த நடுக்கம், வேர்வ, வயித்துப்போக்கு எல்லாம். இன்னும் முத்துனா ஆபத்து. இதோட நிறுத்திருங்க. இப்பவே டாக்டரப் பாத்துட்டுத்தான் போவணும்."

"இயற்கைன்னு சொன்னாங்களே."

"அரளியும் இயற்கைதானக்கா."

டாக்டர் அன்று மத்தியானம் முழுக்க என்னை அங்கேயே படுக்க வைத்துப் பார்த்தார். மற்ற டப்பாக்களையும் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். அமுக்கரா சிலருக்குத் தைராய்டைக் கிளப்பிவிடுமாம், அதற்கு இரத்தம் எடுத்தார்கள். அவருடைய மாத்திரையை எப்படித் தொடர்வது என்று எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது மருந்துச் சன்னல் பெண்ணிடம், பாலத்தைப் பயமில்லாமல் கடந்த கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"எல்லாத்தையும் விட்டுட்டா நான் பழையபடி ஆயிருவேனாம்மா? அடுத்த வாரம் சனிக்கெழம நான் மைக் புடிக்கணும்."

"நீங்க பாலத்துல பயப்படலன்னு சொன்னீங்களே, அது எப்போ?"

விரல் விட்டு எண்ணினேன். டாக்டர் மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் கழித்து.

"அந்த மாத்திரை வேல செய்ய ஆரம்பிக்கற நேரமும் அதான்கா," என்று மட்டும் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நானே தேடிக் கண்டுபிடித்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். எது என்னைத் தூக்கிவிட்டது என்று இன்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். நான்கு நாளில் நடுக்கம் நின்றது. வயிறு சரியானது. பயம் மட்டும் லேசாகத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்துத் திடல். மூன்று பக்கமும் செம்பனை. கூடாரம், ஒலிபெருக்கி, பொரித்த கோழி வாசனை. மேடையில் ஏறி மைக்கைக் கையில் எடுத்தேன். நடுவர் விசில் ஊதினார். பந்து உருண்டது.

எனக்கு வாய் திறக்கவில்லை.

நெஞ்சு அடித்தது, விரல் மரத்தது, எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரியே. ஒரு நிமிடம் போயிருக்கும். கூட்டம் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் கூடாரத்துக்குக் கீழே நின்று வாயசைத்துக் காட்டினார். அவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. பையன்களின் பெயரும் எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டதெல்லாம் அவர்கள் முதுகில் இருந்த எண்கள்தான்.

"நம்பர் ஏழு," என்றேன்.

ஒலிபெருக்கியில் என் குரல் திடலைச் சுற்றி வந்தது. தினமும் கூப்பிடுவதுதானே!

"நம்பர் ஏழு, வலது பக்கம் வா... நம்பர் பதினொன்னு, பந்து ஒன்கிட்ட! நம்பர் நாலு தடுக்கறார்... தடுக்கல! பதினொன்னு போறார், போறார்..."

பதினொன்றாம் எண் அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. "கோல்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. கூட்டம் சிரித்தது, கைதட்டியது. ஓரத்தில் நின்ற லோரி டிரைவர்கள், "எடமேட அக்காடா!" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆள் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆட்டமும் அதே வேகத்தில்தான் ஓடியது, இரண்டும் ஒன்றாகிவிட்டது. தவறி விழுந்த நடுவரை "மேடையேறாத லோரி" என்றேன். உணவகத்து அணியின் கோல்காப்பாளர் பரோட்டா மாவு தட்டுவதுபோலப் பந்தைத் தட்டிவிட்டபோது, "ரொட்டி சானாய் ஒன்னு, பொட்டலங் கட்டு!" என்றேன். அவரே திரும்பி எனக்குச் சலாம் வைத்தார். இறுதி ஆட்டத்தில் மழை கொட்டியது. ஆளுக்கொரு கோல். பிறகு பெனால்டி. செகிஞ்சான் அணியின் ஒன்பதாம் எண் கடைசி அடிக்கு வந்து நின்றபோது நான் மேடையிலிருந்து இறங்கி, மைக் ஒயரை இழுத்துக்கொண்டு, நனைந்தபடி கோட்டோரம் போய் நின்றிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பந்து வலைக்குள் போனதும் அந்தச் சீனப் பையன்கள் ஓடிவந்து என்னையும் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு குதித்தார்கள். நானும் குதித்தேன். செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது.

மறுவாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. தைராய்டு சரியாக இருப்பதாகச் சொன்னார். மாத்திரையை இன்னும் சில மாதம் தொடர வேண்டும், அதன்பிறகு மெல்லக் குறைக்கலாம் என்றார். மாதம் ஒரு தடவை மனநல ஆலோசகரிடமும் பேசுகிறேன். மலாய்க்கார அக்கா கொண்டுவரும் வல்லாரையைச் சம்பல் தொட்டுத் தின்பதில் தப்பில்லை என்றும் அனுமதி வாங்கிவிட்டேன்.

பயம் இன்னும் வருகிறது, மாதத்துக்கு ஒன்றிரண்டு காலை. இந்த வருடம் பன்னிரண்டு அணிகளாம். பெண்கள் அணி இரண்டு உண்டு. பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கிறேன் என்றார் தலைவர். வேண்டாம்ணே, ஜெர்சி நம்பர் மட்டும் பெரிசா போடச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டேன்.