வாளிமேல் உட்கார்ந்த தோமிதிலா

தோமிதிலாவுக்குத் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவுக்கு வராத ஒரே விருந்தாளி அதுதான். தெரு இருப்பது ஸ்டேடியத்தின் முதுகுப் பக்கம். ஆட்டத்தின் கூச்சல் வரும், குப்பை வரும், மூத்திர நாற்றமும் வரும்.

குழாய் வறண்டால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பெண்கள் எல்லோரும் வாளியை எடுத்துக்கொண்டு போய் பெரிய சாலையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிடுவோம். பஸ்கள் நின்று அலறும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லாரி வந்துவிடும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். முதல் வாளியைக் கவிழ்ப்பவள் எப்போதும் தோமிதிலா. அவள் எழுந்தால்தான் மற்றவர்களும் எழுவோம்.

அவளுக்குப் பக்கத்து வாளி ஆராசெலியுடையது. தோமிதிலாவின் மகள் யெசேனியாவுக்குச் சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்தபோது முன்நின்ற ஞானத்தாய் அவள். இங்கே அந்த உறவு கூடப் பிறந்ததற்கும் மேல். இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாயும் ஞானத்தாயும் கூப்பிடும் முறைப்படி கொமாத்ரே, கொமாத்ரே என்றுதான் வாய் நிறையக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கால்பந்து உலகக் கோப்பை எங்கள் நாட்டுக்கு வந்தது. எங்கள் சுவர்களுக்கு மஞ்சளும் ஊதாவும் அடித்தார்கள். தெருக்காரர்களிடம் பேச ஓர் ஆள் வேண்டுமென்று மைதானத்துக்காரர்கள் ஆராசெலிக்கு நீலச் சட்டையும் கழுத்தில் தொங்க ஓர் அட்டையும் கொடுத்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

வெளிநாட்டு அதிகாரிகள் மைதானத்தைப் பார்க்க வரும் நாளில் நாங்கள் சாலையில் உட்கார்ந்தோம். அதைவிட நல்ல நாள் எங்களுக்கு வாய்க்காது. ஆராசெலி நீலச் சட்டையோடு ஓடி வந்தாள்.

"கொமாத்ரே, இன்னிக்கு மட்டும் எந்திரிச்சுடு. புதுக் கிணறு வெட்டியாச்சு. மொத ஆட்டத்துக்கு முன்னாடி நம்ம தெருவுக்குக் குழா வந்துடும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். யெசேனியா தலைமேல சத்தியம்."

தோமிதிலா எழுந்து வாளியை நிமிர்த்தினாள். "எந்திரிங்கடி. அவ பொய் சொல்ல மாட்டா." நாங்களும் எழுந்தோம். அதிகாரிகளின் கார்கள் எங்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயின.

சும்மா சொல்லக் கூடாது, குழாய் வந்தது. ஒரு வாரம் தண்ணீரும் வந்தது. தோமிதிலா கம்பளிகளைக்கூட விட்டுவைக்காமல் துவைத்துப் போட்டாள். பிறகு குழாயில் காற்று மட்டும் சீறியது. தெருமுனையிலிருந்த வால்வுக் காவல்காரனிடம் போய்க் கேட்டாள்.

"மைதானத்துப் பக்கம் திருப்பிட்டாங்கம்மா. புல்லுக்குப் போகுது. போட்டி முடியட்டும்."

நேரே ஆராசெலியிடம் போனாள். "அவன் குடிகாரன் கொமாத்ரே. வால்வு ரிப்பேர், அவ்வளவுதான். என்னை நம்ப மாட்டியா?" என்றாள் அவள். தோமிதிலா நம்பினாள். கண்ணால் பார்த்த காவல்காரனை விட்டுவிட்டு, பேசிய ஆராசெலியை நம்பினாள். தெருவில் முணுமுணுத்தவர்கள் வாயையெல்லாம் அவளே அடைத்தாள். எனக்கு ஆத்திரம் அங்கேதான். கழுத்தறுக்கப் போகிறவளுக்காக இவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் ஆட்டம் எங்கள் நாட்டுக்கு. தோமிதிலா டி.வி.யை முற்றத்துக்கு இழுத்து வைத்தாள். தெருவே அங்கே கூடி, சோள வறுவலும் மிளகாய்ச் சட்னியுமாக உட்கார்ந்திருந்தது. ஆட்டம் தொடங்குமுன் புல்லை நனைத்தார்கள். மைதானம் முழுக்கக் குழல்கள் சுழன்று சுழன்று தண்ணீரை வாரி இறைத்தன. வெயிலில் அது மின்னியது. கொறிப்பதுகூட நின்றுபோனது.

கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. பச்சை ஜெர்சியில், கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு, குதித்துக் கையாட்டினாள் ஆராசெலி.

பாங்கிராசியோ கிழவருக்கு வாய் சும்மா இருக்காது. "தோமிதிலாம்மா, நம்ம தண்ணி நல்லாத்தான் இருக்கு. பச்சைப் பசேல்னு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திரையை விட்டுத் தோமிதிலாவைப் பார்த்தார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள். கடந்தவள் அங்கே டி.வி.யில் இருந்தாள். பழி மட்டும் இவள் தலையில்.

தோமிதிலா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். "வாங்கடி" என்றாள். அதற்குள் ஆட்டம் தொடங்க விசில் ஊதிவிட்டார்கள். நான் மட்டும்தான் பின்னால் போனேன்.

சாலையில் ஈ காக்கை இல்லை. ஆட்டத்துக்காக எல்லா வண்டிகளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் நட்ட நடுவில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் பாவமாகப் பார்த்தான்.

"அம்மா, ரோடே மூடிக் கிடக்கு. யாரை மறிக்கிறீங்க?"

அவள் மடியில் போன் அடித்தது. சத்தமாகப் பேசுகிறவள் ஆராசெலி. எனக்கே கேட்டது.

"கொமாத்ரே, டி.வி.ல என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அழகா இருந்தேனா?"

"சர்ச்சுல சாமியார் யெசேனியா தலையில தண்ணி ஊத்துனப்ப, புள்ளையக் கையில வச்சிருந்தது நீதானே?"

"ஆமா. இப்ப எதுக்கு அது?"

அப்போது கோல் விழுந்தது. போனுக்குள்ளிருந்தும் மைதானத்துச் சுவருக்கு அப்பாலிருந்தும் ஒரே கூச்சல். தோமிதிலா போனை அணைத்துவிட்டு எங்கள் தெருப் பக்கம் திரும்பினாள். அவள் வீட்டு முற்றத்திலிருந்தும் அதே கூச்சல் வந்துகொண்டிருந்தது.