அரண்மனை வாசலின் உயரம்

ரயில்வே ஆபீஸில் நான் டிராயிங் போடுகிறவன். கால் அங்குலம் பிசகினாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யுத்தம் முடிந்த சமயம், பம்பாய் மாதுங்காவில் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து போட்ட நாடகத்துக்கு அரண்மனை அமைக்கும் வேலை முதல் முறையாக என்னிடம் வந்தது. ராஜா வேஷம் எங்கள் ஹெட்கிளார்க்குக்கு. அவரை ஆபீஸ் சுவரோரம் நிறுத்தி, டேப் வைத்து அளந்து, தலைக்கு மேல் மூன்று அங்குலம் விட்டு வாசலை வரைந்தேன்.

நாடகத்தன்று சாயங்காலம்தான் வாடகைக் கிரீடம் வந்து சேர்ந்தது. ஒரு அடி உயரம். அதை வைத்துக்கொண்டு ஹெட்கிளார்க் வாசலில் நுழைந்து பார்த்ததும், கிரீடம் இடித்துக் கீழே உருண்டது.

“இத்தனை பெரிய கிரீடம் யார் கேட்டா?” என்று கத்தினேன்.

“பின்னே, ராஜா ஆபீஸ் தொப்பியையா போட்டுண்டு வருவான்?” என்றார் அவர்.

நான் அளந்தது ஹெட்கிளார்க்கைத்தான். ராஜாவை அளக்க மறந்திருந்தேன்.

வாசலின் மேல்சட்டத்தை அறுத்தால் துணிச்சுவர் மொத்தமும் சாய்ந்துவிடும். அதனால் ஆறு பேராகச் சுவரையே தூக்கி, அடியில் செங்கல் அடுக்கினோம். யுத்தகாலத்தில் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலை மூடிய கறுப்புத் துணியால் செங்கல்லை மறைத்தேன். ராஜா நிமிர்ந்தபடியே சபைக்கு வந்தார்.

“பலே, அஸ்திவாரம்கூடப் போட்டிருக்கான்!” என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

திங்கட்கிழமை ஹெட்கிளார்க் நேரே என் மேஜைக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

“ஓய், அடுத்த நாடகத்துல நான் யானை மேலே வரேன். இப்பவே அளந்து வச்சுக்கும்.”