மட்டாஞ்சேரியில் நாத்தனாருக்கு ஓர் அறை

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கோயம்புத்தூரில் ரயில் ஏறினோம். நானும் என் நாத்தனார் கோமதி அக்காவும். அவருக்கு எழுபத்து மூன்று வயது, எனக்கு அறுபத்து நான்கு. அக்கா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்ததிலிருந்து பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் மகன் புனேயில் இருக்கிறான். அவன் கூப்பிடாமல் இல்லை. பதினாலாவது மாடியில் போய் உட்கார எங்களுக்குத்தான் மனமில்லை.

போன வருடம் அக்கா குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். அவருக்குப் பெரிதாக அடி இல்லை. இரண்டாம் முறை தூக்கப் போன எனக்குத்தான் மணிக்கட்டு பிசகி, ஆறு வாரம் கட்டோடு திரிந்தேன். கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் அக்கா தன் போனை என் முன்னால் நீட்டினார். கொச்சியில், மட்டாஞ்சேரிப் பகுதியில் ஓர் இல்லத்தின் படங்கள். தனி அறை, சாப்பாடு, எந்நேரமும் உதவிக்கு ஆள். மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வருடம் மட்டாஞ்சேரியில் இருந்தவர், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. முதியோர் இல்லமா என்று கேட்டேன்.

"நோயாளிக்கு ஆஸ்பத்திரி இருக்குது. எல்லாம் முடியறவங்களுக்கு வீடு இருக்குது. இது பாதி முடியறவங்களுக்கு" என்றார்.

என்னோடு இருக்கப் பிடிக்காமல் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

வாளையாறு தாண்டியதும் மலை பச்சையாகக் கிட்டே வந்தது. பாலக்காட்டில் பழம்பொரி வாங்கினோம். திருச்சூர் வரை அக்கா தூங்கினார். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். எர்ணாகுளம் சந்திப்பில் இறங்கும்போது மணி ஒன்று ஆகியிருந்தது. நான்கு கால் ஊன்றுகோலோடு அக்காவை ரயிலிலிருந்து இறக்க, முன்பின் தெரியாத இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தோம். பத்து கிலோமீட்டருக்கு இருநூற்று எண்பது ரூபாய். தேவரா வழியாகப் போய்ப் பாலம் ஏறியதும் இரண்டு பக்கமும் காயல் விரிந்தது. தோப்பும்படியில் சிக்னல் விழ நேரமானது. ஓட்டியவர் திரும்பி, அங்கே சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று மலையாளத்தில் விசாரித்தார். "இதுவரெ ஆருமில்லா சேட்டா. இனி ஞான் உண்டாகும்" என்றார் அக்கா. இதுவரை யாரும் இல்லை, இனிமேல் நான் இருப்பேன். இன்னும் இடத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் இந்தப் பேச்சு. நான் காயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கொச்சங்காடியில், கிடங்குகள் இருக்கும் ஒரு சின்னத் தெருவுக்குள் அந்த இல்லம். அதுவும் ஒரு காலத்தில் கிடங்காக இருந்ததுதான். கனத்த சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மூன்று தளமும் லிப்டும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு அறைகள். பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டைகள் ஏற்றி இறக்குவார்கள். தெரு முழுக்கச் சுக்கு மணம். மேனேஜர் ஷைனிக்கு நாற்பது வயது இருக்கும். தமிழ் பேசுவார், மலையாளம் நடுநடுவே வந்து விழும். அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

கதவுகள் சக்கர நாற்காலி போகும் அகலம். குளியலறையில் சொரசொரப்பான தரை, சுவரெல்லாம் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, தரையிலிருந்து எட்டும் உயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு. விழுந்தால் அதை இழுக்க வேண்டும். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு ஆள் வருகிறார். எல்லாம் சேர்த்து மாதம் முப்பத்தெட்டாயிரம். அக்காவின் பென்ஷன் தாங்கும்.

நல்லதை மனதில் ஒரு பக்கம் வைத்தேன். மறுபக்கத்தை நிரப்பச் சாயங்காலமே விஷயங்கள் கிடைத்தன. காப்பி கேட்டால் சாயா வந்தது. காப்பி என்று கேட்டுக் கேட்டு வாங்கியதும் சாயா மாதிரியே இருந்தது. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு. எட்டரைக்கு முன்னால் நாங்கள் சாப்பிட்டதே இல்லை. கொசு உண்டு. பொது அறை டிவியில் இரண்டு சானல்தான் ஓடியது, இரண்டும் மலையாளம். இதைவிட அக்காவைச் சுட்டது வேறொன்று. உதவிக்கு இருக்கும் பெண்கள் வயதான எல்லோரையும் அம்மச்சி என்று கூப்பிட்டார்கள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் கீழே முப்பது பேர் வேலை பார்த்திருக்கிறார்கள் என்றும் தன்னை அம்மச்சி ஆக்க வேண்டாம் என்றும் சொன்னார். பிந்து என்ற பெண் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் வாயில் 'கோமதி மேடம்'தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் சண்டை. தெருமுனைக் கடைக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று அக்கா கிளம்பினார். வாசலில் இருந்தவர் நோட்டை நீட்டி, கூட யார் போகிறார்கள் என்று கேட்டார். நான் போகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. அவள் திங்கட்கிழமை போய்விடுவாள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்று நேராக ஷைனியிடம் போனார்.

"முதல் ஒரு மாசம் கூட ஆள் வேணும் சேச்சி. பின்னே டாக்டர் பார்த்துச் சொன்னா தனியா போகலாம், நோட்டில எழுதிட்டு" என்றார் ஷைனி.

அந்த ஒரு மாதத்தை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகுதான் அக்கா தெருவில் இறங்கினார். முந்நூறடி தூரத்தில் இருந்த கடைக்கு நாங்கள் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. அவர் வேலை பார்த்த கிளை இப்போது அங்கே இல்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. இரண்டு சாயாவும் சுகியனும் சாப்பிட்டார். வீட்டில் சர்க்கரைக்குப் பயந்து நான் கொடுக்காதது. மத்தியானமே பிந்து ஊசி குத்திச் சர்க்கரை பார்த்து, அளவை அக்காவிடம் காட்டி ஒரு பார்வை பார்த்தாள். நான் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு நாள் பேச்சு நின்றிருக்கும். அவளிடம் அக்கா தலையை ஆட்டிக்கொண்டார்.

சாயங்காலம் லலிதா மாமி அறிமுகமானார். எண்பது வயது. அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழைப் பேசுவார், மலையாளத்தில்தான் படிப்பார். இங்கே வந்து இரண்டு வருடம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாடு, மருந்து, மனுஷர் எல்லாம் திருப்தி என்றார். ஆனால் பெண்கள் நன்றாகப் பழகிய சமயத்தில் கல்யாணமோ வெளிநாட்டு வேலையோ வந்து போய்விடுவார்கள், புதிதாக வருகிறவளுக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்லித்தர வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாதா நாள்ல எல்லாரும் ஒண்ணுபோலதான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீ இருந்து பாரு, அப்பத் தெரியும்."

ஞாயிறு பதினொரு மணியிலிருந்து வாசலில் கார்கள் வந்து நின்றன. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். சாப்பாட்டு அறையில் பிரியாணி மணமும் இரைச்சலும். தேவராவிலிருந்து லலிதா மாமியின் மகள் சுதா வந்தாள், பெரிய தூக்கு நிறைய மீன்கறியோடு. முதல் பார்வைக்குத் திருவிழாதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தேன். வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்களில் எட்டுப் பேரைக் காணோம். அவர்களுக்கு யாரும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறைக்கே தட்டை அனுப்பச் சொல்லிவிடுவார்கள். சுதா மீன்கறியைக் கிண்ணங்களில் ஊற்றி, மூடியிருந்த ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் தேடி வந்த குறை கையில் கிடைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பச் சொல்ல இது ஒன்று போதும். அக்காவிடம் எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்தபடி மூன்று மணிக்கு அறைக்குப் போனேன். அவர் குளியலறையில் இருந்தார். ஒரு சின்னச் சத்தம். கதவைத் தள்ளினால், அக்கா கால் மடங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து கையைப் பிடிக்கப் போனேன்.

"நீ தொடாதே வசந்தா. தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டு, அவரே சிவப்புக் கயிற்றை இழுத்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிந்துவும் இன்னொரு பெண்ணும் வந்தார்கள். யாரும் பதறவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள், காலை அசைக்கச் சொன்னார்கள். பிறகு இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி, முன்னால் நாற்காலியைப் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றச் சொல்லி, எண்ணிக்கொண்டே எழுப்பினார்கள். அக்கா ஏதோ தானே எழுந்தது போல எழுந்து உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். தலையில் அடிபட்டதா என்று இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான் கதவோரமே நின்றேன். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவர்கள் போன பிறகு அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டார். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன் என்று அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"பிடிக்காமயா பதினோரு வருஷம் உன்ற ரசத்தைக் குடிச்சேன்?" என்றார். "வீட்ல ஒவ்வொரு தடவை பாத்ரூம் போறப்பவும் பயம். எனக்கு என்ன ஆகும்னு இல்ல. நீ ஓடி வந்து தூக்குவியே, உனக்கு என்ன ஆகும்னு. இங்க வந்த இந்த மூணு நாளா அந்தப் பயம் இல்லை."

நான் தயாராக வைத்திருந்த எதையும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் சொன்னேன். அக்காவும் கவனித்திருந்தார். எல்லா ஞாயிறும் நீ வர வேண்டாம், மாதத்தில் இரண்டாவது ஞாயிறு போதும் என்றார். மற்ற ஞாயிறுகளுக்குச் சீட்டுக்கட்டு வாங்கி வைக்கப் போகிறாராம். கதவை மூடிக்கொண்டிருக்கும் எட்டுப் பேரில் நான்கு பேருக்காவது ரம்மி தெரிந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

திங்கள் காலை ஒன்பதரைக்கு ஷைனியின் அறையில் உட்கார்ந்தோம். கேட்கத் தயங்கியதை நான் கேட்டேன். எழுந்திருக்கவே முடியாமல் போனால்? ஷைனி மழுப்பவில்லை. ஓர் ஆள் துணையோடு எழ முடிகிற வரைதான் இங்கே. அதற்கு மேல் என்றால் நர்சுகள் உள்ள வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், வைட்டிலா பக்கம் ஒன்று இருக்கிறது, கூடவே வந்து சேர்த்துவிடுவோம் என்றார். இந்த இடத்தின் பெரிய குறை அதுதான் என்று எனக்கு இப்போதும் படுகிறது. வயதான காலத்தில் இன்னொரு முறை பெட்டி கட்ட வேண்டி வரும். அதை அப்போது பார்த்துக்கொள்வோம் என்றார் அக்கா.

அடுத்ததில்தான் மாட்டிக்கொண்டோம். அவசரம் என்றால் இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். கோயம்புத்தூரிலிருந்து நான் வர ஐந்து மணி நேரமாவது ஆகும். விதியை மாற்ற முடியாது என்றார் ஷைனி. முதல் தடவையாக அக்காவின் முகம் வாடியது. அதைப் பார்த்தபோது, அவர் இங்கே இருக்க வேண்டும் என்று நானே ஆசைப்படுவது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் லலிதா மாமியின் கதவைத் தட்டினேன். விஷயத்தைக் கேட்டதும் மாமி சுதாவுக்குப் போன் போட்டார்.

"நீ எனக்கு ஒரு ஒப்பு போட்டில்லையா, இவளுக்கும் ஒண்ணு போடு. ஓட்டமா ஓடி வர்றது எப்படியும் ஒரே இடத்துக்குத்தானே."

முக்கால் மணி நேரத்தில் சுதா ஸ்கூட்டரில் வந்து கையெழுத்துப் போட்டாள். நன்றி என்றேன். அடுத்த முறை வரும்போது கோயம்புத்தூர்க் கீரைவிதை கொண்டுவரச் சொன்னாள்.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினேன். அக்காவுக்கு அது பிசியோதெரபி நேரம். வாசல் வரை வந்தவர், நேரமாகிறது என்று திரும்பிவிட்டார். மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து ஐகோர்ட் துறை வரை வாட்டர் மெட்ரோவில் நாற்பது ரூபாய். குளிரூட்டிய படகு, பலகை தடுக்காமல் சமதரையாக ஏறலாம். கிடங்குகளின் ஓட்டுக் கூரைகள் பின்னால் போயின. இப்படி ஓர் இடம் எப்படி என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று படகில் யோசித்தேன். வீட்டில் கிடைப்பது இங்கே கிடைக்காது. நினைத்த நேரத்தில் சாப்பிட முடியாது, கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போக முடியாது. எனக்கு இன்னும் அது வேண்டும், அதனால் எனக்கு இந்த இடம் இப்போதைக்குச் சரிப்படாது. விழுவோமோ என்ற நினைப்பிலேயே நாள் போகிறவருக்கு, அந்த நினைப்பை இறக்கி வைக்க இதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது போக ஆள் இல்லாதவர்களை அங்கே சேர்க்கக் கூடாது.

ஒன்றரை மணி ரயிலில் எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆலுவா தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டார்.

"கொச்சியில எங்க நாத்தனார் வீட்டுக்குங்க" என்றேன்.

வாயில் தானாக வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்ததில், நாத்தனார் வீடு என்று ஒன்றுக்கு நான் போனதே இல்லை. எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டார் அந்த அம்மா.

"மூணு நாளுங்க. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகச் சொன்னாங்க. எனக்குத்தான் வீட்ல வேலை கிடக்குது."

அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் சொல்வதை நானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.