அந்த நாற்காலியில் பிழையில்லை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், லயத்துச் சொந்தங்களுக்கும், தச்சு மன்றத்து நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் நோயாளிகளைச் சுமந்து போக அவர் செய்த தூக்கு நாற்காலி கழன்றுதான் மதினி விழுந்து இறந்தார் என்று உங்களில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக நம்புகிறீர்கள். அது உண்மையில்லை. அதை எழுதாமல் நல்லதை மட்டும் எழுதினால் அந்த நல்லதும் பொய்யாகிவிடும்.

அண்ணன் பிறந்தது தேவிகுளத்துக்குக் கீழே, எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில். அது உறைபனி விழுகிற மாதம். அன்று காலையில் மலைச்சரிவு முழுக்கத் தேயிலை கருகிக் கிடந்தது என்று அம்மா சொல்வார். கருகின மலையைப் பார்த்துக்கொண்டே கண் திறந்த பிள்ளை. தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா தேயிலைக்கு மருந்தடிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. அப்பாவின் வேலை அண்ணனுக்கு வந்தது. அந்த வேலையால்தான் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையும் அடுப்படியும் எங்களிடம் தங்கின. பேக்டரியில் சல்லடை அறையில் போட்டார்கள். தேயிலைத் தூள் புருவத்தில் இருக்கும், காது மடலில் இருக்கும், குளித்துவிட்டுப் படுத்த பிறகு தலையணையிலும் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் அவர் இருமியது அந்தத் தூளைத்தான்.

போடிநாயக்கனூரிலிருந்து மதினி வந்தார். ஒரு மகள், ஒரு மகன். என் கல்யாணம் மூன்றே வருடத்தில் முறிந்து, நானும் அதே ஒற்றை அறைக்குத் திரும்பினேன். "வந்துட்டியா, கையைக் கழுவிட்டு உக்காரு" என்றார் மதினி. அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. அன்றைக்கு அவர் கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை என்று இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பேன்.

மரவேலை அண்ணனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பேக்டரியில் உடைந்த மரத் தட்டுகளைத் தானே சரிசெய்யத் தொடங்கி, கை பழகிவிட்டது. பிறகு ஜீப் டிரைவர் துரைராஜும் இன்னும் ஆறேழு பேரும் சேர்ந்தார்கள். மூடிக் கிடந்த குழந்தைகள் காப்பகத்தைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தச்சு மன்றம் நடத்தினார்கள். காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை ஆபீஸில் அனுமதி வாங்கி இழுத்து வருவார்கள். அறுத்து, கூரைக்கு அடியில் அடுக்கி, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் காய விடுவார்கள். எலி ஏறாத அரிசிப் பெட்டி, தொட்டில், பிள்ளைகள் எழுதுகிற சாய்வுப் பலகை, ரப்பர் பூட்ஸ் மாட்ட வாசலில் போடும் முக்காலி. இந்த டிவிஷனில் மன்றத்து மரம் நுழையாத வீடு அப்போது இல்லை.

மன்றத்துக்கு ஒரு நோட்டு உண்டு. அதன் முதல் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் இரண்டே விதிகள். செய்தவர் தன் உடம்பைக் கொடுத்து எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்ட வேண்டும். செய்த பொருளால் யாருக்காவது கேடு வந்தால், செய்தவர் அதன் பிறகு பிறருக்குச் செய்யக் கூடாது.

முதல் விதியால் ஞாயிற்றுக்கிழமைகள் சிரிப்பாகவே போகும். துரைராஜ் தன் பேரனுக்கு ஆடுகுதிரை செய்து கொண்டுவந்த நாள் நினைவிருக்கும் உங்களுக்கு.

"ஏறுங்க டிரைவரே" என்றார் அண்ணன்.

"அண்ணாச்சி, இது ரெண்டு வயசுப் பிள்ளைக்கு உள்ளதுவே! நான் ஏறுனா குதிரை குட்டி போட்டுரும்."

"நோட்டுல எழுதியிருக்குல்லா? ஏறும்."

தொண்ணூறு கிலோ துரைராஜ் முழங்காலை மடக்கி ஏறி உட்கார்ந்தார். குதிரை முனகியது. வாசலில் நின்ற, என்னோடு கொழுந்து கிள்ளும் பேச்சியக்கா, "ஜீப்பை வித்துட்டு இதுலயே சவாரி அடிக்கலாமே டிரைவரு, டீசல் மிச்சம்" என்றார். மதினி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிரித்தாலும் மூச்சு இழுக்கும்.

தூக்கு நாற்காலியை அண்ணன் நினைத்ததே அந்த மூச்சினால்தான். எங்கள் லயத்திலிருந்து ஜீப் நிற்கும் ரோட்டுக்குத் தேயிலைக்கு நடுவே படிப்படியாக இறங்கும் ஒற்றையடிப் பாதை. நோயாளிகளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிப் போவோம். கம்பளியில் மடங்கிக் கிடப்பவருக்கு இருக்கிற மூச்சும் அடைக்கும். அண்ணன் ஒரு வருடம் காயவைத்த மரத்தில் நாற்காலி செய்தார். இரண்டு நீளக் கம்புகள் தோளில் இருக்க, நடுவில் இருக்கை தாழத் தொங்கும். காலுக்குப் பலகை, இடுப்புக்கு வார். துளைக்குள் மரத்தின் நாக்கு முனை இறங்கிய இடத்தில் நூல் நுழையாது. தூக்குவதற்கு ஒரே உயரமுள்ள நான்கு ஆண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தோளை அளந்து, படியில் இடிக்காத அளவுக்குக் கால்பலகையை வைத்தார். தானே ஏறி உட்கார்ந்தார். நால்வரும் அவரை ரோடு வரை இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். எல்லோரும் கைதட்டினோம்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் வீட்டில் இருந்த நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே நோய் வரும் என்பது போல நாங்கள் கைதட்டினோம்.

ஆடி மாதத்து வேலைநாள் ஒன்றில் மதினிக்கு மூச்சு முட்டியது. அண்ணன் உட்பட ஆண்கள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் பேக்டரியில். லயத்துக்கு மேலே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த நாங்கள்தான் ஓடினோம். நான், பேச்சியக்கா, இன்னும் இரண்டு பேர். நாற்காலியில் வைத்து வாரைப் பூட்டினோம். பூட்டின வாரை மதினியே அவிழ்த்தார். வயிற்றில் அது இறுக்கினால் மூச்சு வரவில்லை என்று கையால் காட்டினார். அவிழ்ந்தபடியே தூக்கினோம். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் ஆண்களை விட ஒரு சாண் குட்டை. கம்பைத் தோளில் வைத்தால் கால்பலகை படியில் இடித்தது. ஆகவே கம்பைத் தோளுக்கு மேலே இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மழை முகத்தில் அடித்தது.

"மதினி, கண்ணை மூடாதீக. கீழ ஜீப்பு வந்து நிக்கி" என்று பேச்சியக்கா சொல்லிக்கொண்டே வந்தார்.

மதினி மூச்சுக்கு நடுவே, "ராணி மாதிரில்லா... கொண்டு போறீக" என்றார். அவர் பேசியதில் கடைசி அதுதான்.

பாதி வழியில், பாதை திரும்பும் இடத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அதன் முன்னால் ஒரு கல்மேடை. இருபது வருடமாகத் தினமும் கொழுந்துச் சாக்கோடு அங்கே வந்து, உடம்பைத் திருப்பி, தோளைச் சாய்த்து, சாக்கை அந்தக் கல்லில் போட்டிருக்கிறேன். அன்றும் அங்கே வந்தேன். சுமையோடு வந்தேன். கல்லைப் பார்த்ததும் என் தோள் சாய்ந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. நினைப்பதற்குள் உடம்பு செய்துவிட்டது. என் பக்கத்துக் கம்பு இறங்கியது. மற்ற மூவரும் தூக்கிப் பிடித்தபடி நிற்க, மதினி என் பக்கமாகச் சரிந்து, அந்தக் கல்லில் தலை மோதி விழுந்தார். நாற்காலி அவர் மேலேயே கவிழ்ந்தது.

ஜீப் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே மதினி போய்விட்டார். மூச்சுத் திணறல், தலைக்காயம் என்று காகிதத்தில் இரண்டையும் எழுதினார்கள். எது முந்தியது என்று எழுதவில்லை.

அன்றிரவே நடந்ததை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் காப்பகத்துக்குப் போனார். காபி கொண்டு போன நான் வாசலில் நின்றுவிட்டேன். நாற்காலி முழுதாகத்தான் இருந்தது. ஒரு மூட்டு அசையவில்லை. அண்ணன் கொட்டாப்புளியால் அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாக்கு வெளியே வர ஒன்பது அடி வேண்டியிருந்தது, நான் எண்ணினேன். கழற்றிய நாக்கை மடியில் வைத்து, உளியால் பக்கவாட்டில் சீவினார். அளந்து அளந்து, ஒரு நல்ல நாக்கைக் கெட்ட நாக்காக்கினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே மோசமான வேலை அது. அதையும் பொறுமையாகத்தான் செய்தார்.

"அண்ணே" என்றேன்.

"பிள்ளைக இனி உன் கையால சோறு திங்கணும்" என்றார், தலை நிமிராமல். "அத்தை மேல வெறுப்பு வந்துட்டா அதுக எங்க போகும்? போ. அடுப்பைப் பாரு."

நான் போனேன். அடுப்பைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த நாக்கை எல்லோர் முன்னாலும் வைத்தார். "துளையை விட நாக்கைச் சின்னதா எடுத்துட்டேன். என் கைப்பிழை."

துரைராஜ் எடுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, மாட்டும்போது நான் பார்த்தேன்லா? இது அந்த நாக்கே இல்ல."

"நீரு என்னத்தைப் பார்த்தீரு. சும்மா இரும்."

நோட்டில் அண்ணனே எழுதினார்: தூக்கு நாற்காலி, தவறியது. அன்றோடு அவருடைய இரண்டாவது விதி அவர் கையைக் கட்டியது. பிறகு பதினோரு வருடம் யாருக்கும் ஒரு முக்காலி செய்து தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார். கூட்டிப் பெருக்குவார். மற்றவர்களின் உளிகளைத் தீட்டிக் கொடுப்பார். அவர் முன்பு செய்துகொடுத்த தொட்டில் ஒன்றை யாரோ சொல்லாமல் கொள்ளாமல் காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெஞ்சும் வந்தது. இரண்டு பேர் அரிசிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அரிசிப் பெட்டியில் என்ன விழுந்து யார் சாகப் போகிறார்கள்? ஆனாலும் ஏற்றினார்கள். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் கை அவிழ்ந்திருக்கும். சொல்லவில்லை. முதலில் பிள்ளைகளுக்காக. அவர்கள் வளர்ந்த பிறகு எனக்காக. "நீ சொல்லாத வரைக்கும் நான் ஒண்ணும் பார்க்கல தாயீ" என்றார் பேச்சியக்கா, ஒரே ஒரு முறை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு வரிசையில் நிற்கும்போது. அந்த வரிசையில் எனக்குப் பின்னால்தான் அவர் தினமும் நிற்பார். கூடத் தூக்கிய மற்ற இருவரும் அவரைப் போலவே இருந்துவிட்டார்கள்.

மகளை நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் அனுப்பினார். மகன் கொச்சியில் ஓட்டல் வேலைக்குப் போனான். அதன் பிறகு அண்ணனின் நெஞ்சு முழுசாகக் கெட்டது. கடைசியாக ஆஸ்பத்திரிக்கு இறக்கியபோது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூங்கிலைக் கட்டித்தான் தூக்கினார்கள். மதினி இறந்த பிறகு மன்றம் தூக்கு நாற்காலி செய்யவே இல்லை. பாதி தூரம் போவதற்குள் பிளாஸ்டிக்கின் கால் ஒன்று கீறி விரிந்தது. அண்ணன் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தார்.

"இதுக்கு... என் நாற்காலியே தேவலாம்" என்றார்.

தூக்கியவர்கள் சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். துரைராஜ் என்னைப் பார்த்தார். நாங்கள் நின்றது அந்தக் கல்மேடைக்குப் பத்தடி மேலே. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் காதில் விழும்படி, எல்லோர் காதிலும் விழும்படி. நான் அண்ணனின் கம்பளியை இழுத்துவிட்டேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார்.

போன மாதம் நோட்டைக் கேட்டு வாங்கி, அண்ணன் எழுதிய வரியை அடித்துவிட்டு, நடந்ததைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்றத்தார் ஒவ்வொருவராக வாங்கிப் படித்தார்கள். துரைராஜ் மட்டும், "செத்த பிறகு சொல்லுதியே தாயி" என்றார். மகளிடமும் மகனிடமும் போனில் சொன்னேன். மகன் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். மகள், "மலர்ல போடுங்க அத்தே. அப்பா பேரு சரியாகட்டும்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் என்னை அழைக்கவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் கூலியை விட்டுவிட்டு வந்து தூக்கியவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் கோணாமல் பார்த்த நர்ஸ்மாருக்கும், எத்தனை முறை கூப்பிட்டாலும் ஜீப்பை எடுத்த துரைராஜ் அண்ணாச்சிக்கும், மதினியை என்னோடு தூக்கி, பார்த்ததைப் பன்னிரண்டு வருடம் சுமந்த பேச்சியக்காவுக்கும் மற்ற இருவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்த மலரை அச்சடிக்க உதவிய மன்றத்தாருக்கு நன்றி.

இனி என் வேண்டுகோள் ஒன்று. உங்களில் சிலர் வீட்டுப் பரணில் அண்ணன் செய்த பொருள் கிடக்கும். அதை இறக்குங்கள். காப்பக வாசலில் விட்டுப் போன தொட்டிலும் பெஞ்சும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வந்து எடுத்துப் போங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, பயப்படாமல் பிள்ளையைக் கிடத்துங்கள். அவை தாங்கும்.